மந்திரி ஜீப்பில் பிள்ளைகளுக்கு இடமில்லை

மந்திரி இறந்த அன்று, ஆசிரியர்களே, உங்களில் ஒருவர்கூட அவர் வீட்டுக்கு வரவில்லை.

பள்ளிக்கு விடுமுறை விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் வண்டியை எடுத்தால் ஐந்து நிமிஷம். நானே போன் போட்டுச் சொன்னேன். "எந்த மந்திரி டீச்சர்?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். ஆண்டு மலருக்குப் பணி அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா, இதையே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அழகாக எழுத வராது. வேலை பார்த்த காலம் முழுக்கக் கரும்பலகையில் எழுதியவள் நான். அங்கே இடம் குறைவு, அதனால் விஷயத்தை மட்டும் எழுதித்தான் பழக்கம்.

மந்திரி என்றால் நிஜ மந்திரி இல்லை. போடி ஸ்டாண்டில் ஜீப்பு ஓட்டியவர். விடியும்போது ஏலத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார். கேரளப் பக்கம் தோட்டம் தோட்டமாக இறக்கிவிடுவார். சாயந்தரம் கீழே கொண்டுவந்து சேர்ப்பார். ஐந்தாவது வரை படித்தவர். ஊருக்கு அவர் பாய். நானும் பாய் என்றுதான் கூப்பிட்டேன். 'கல்வி மந்திரி' என்பது மற்ற ஜீப்புக்காரர்கள் வைத்த கேலிப் பெயர். நாளாவட்டத்தில் கல்வி தேய்ந்து மந்திரி மட்டும் நின்றது.

கேலிக்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரே ஒரு சட்டம். பள்ளிக்கூட நாளில், பள்ளிக்கூட வயதுப் பிள்ளைக்கு அவர் ஜீப்பில் இடம் கிடையாது.

வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலச் செடியில் காய் உச்சியில் காய்க்காது. தூரில், தரையோடு தரையாகக் கொத்தாகக் கிடக்கும். பெரியவர்கள் நாள் முழுக்கக் குனிந்தால் இடுப்பு போய்விடும். பிள்ளைகள் உட்கார்ந்த வாக்கில் எடுத்துவிடுவார்கள். ஆவணியில் காயெடுப்பு சூடு பிடித்தால் தை வரைக்கும் தோட்டங்களில் ஆள் போதாது. தாய் தகப்பன் மேலேயே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், தங்கிவிடுவார்கள். கீழே பிள்ளையை யார் பார்ப்பது? கூடவே கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாளில் இருந்தது. அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நான் நம்முடைய இந்த மலையடிவாரத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்த புதிது. ஒரு பயிற்சிக்காக மதுரை பஸ்சுக்கு ஸ்டாண்டு ஓரம் நின்றிருந்தேன். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஒரு பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாயிடம் வந்தாள்.

"பாய், இவளயும் ஏத்திக்கங்க. மடியிலதான் வச்சுக்கிருவேன்."

"எடமில்ல ஆத்தா."

"பின்னாடி அம்புட்டும் காலியாத்தான கெடக்கு?"

"அது பள்ளிக்கூடம் போகாத ஆளுகளுக்கு. ஒம்மவ போற ஆளு."

பக்கத்து ஜீப்புக்காரன் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். "ஏய், கல்வி மந்திரி ஆர்டர் போட்டாருப்பா! யக்கா, நீ இங்கிட்டு வா. நம்ம ஜீப்புல சட்டமும் இல்ல, மந்திரியும் இல்ல."

"பிரேக்கும் இல்லன்னு சேத்துச் சொல்லுடா மாப்ளே" என்றார் பாய்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கி அடுத்த ஜீப்பில் உட்கார வைத்தாள். பாய் அவளிடம், "எந்தத் தோட்டம் ஆத்தா? எப்ப எறங்குவீக?" என்று கேட்டு, ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனிதர் ஏற்றாவிட்டால் அடுத்தவன் ஏற்றுகிறான். பிள்ளை எப்படியும் மலைக்குப் போகிறது. இவருக்குச் சவாரி போனதுதான் மிச்சம், இதில் என்ன பெருமை என்று நினைத்தேன். அந்த நோட்டு எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவரைப் பற்றி இன்னும் இரண்டு சங்கதி சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தது. பாய் திங்கட்கிழமை தோறும் ஆட்களை மேலே இறக்கிவிட்டு, ஜீப்பை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, பஸ்சு ஏறித் தேனிக்குப் போய் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் வரிசையில் நிற்பார். ஒரு தடவை கையெழுத்து வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார். மனு வாங்குகிறவர் இவரைப் பார்த்ததுமே அலுத்துக்கொண்டார்.

"போன வாரமும் இதத்தானங்க குடுத்தீங்க?"

"போன வாரமும் வாத்தியாரு வரலையே சார்."

"மேல அனுப்பியிருக்கோம்."

"இதையும் அனுப்புங்க. போனது ஒத்தையில கெடக்கும், தொணைக்கு ஆகும்."

அந்த ஆள் சிரித்துவிட்டார். சிரித்ததனாலோ, இவர் தொல்லை தாங்காமலோ, அந்த ஆனிக்குள் வாத்தியார் வந்தார்.

இரண்டாவது சங்கதி அவருடைய பிள்ளைகள். மூன்று பேரும் எங்கள் பள்ளியில்தான் படித்தார்கள். வெள்ளைச் சட்டை, டை, வேன் என்று ஊர் ஓடிக்கொண்டிருந்த நேரம். "பிள்ளைய வேன்ல ஏத்த வக்கில்லயா பாய்?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். "நடந்து போற தூரத்துல பள்ளிக்கூடம் இருக்கு. ஓட்டுறதுக்கு நான் ஒருத்தன் போதாதா, எம்பிள்ளையும் வண்டியிலயே கெடக்கணுமா?" என்று போய்விடுவார். உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் நீங்கள் பாடம் நடத்துகிற பள்ளியில் படிக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் வருகைச் சதவீதம் மோசம் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். சதவீதத்தை ஏற்ற இரண்டு வழி உண்டு. பிள்ளைகளை வரவைப்பது ஒன்று. வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது இன்னொன்று. இரண்டாவது சுலபம். உட்கார்ந்த இடத்தில் முடியும். அன்று சாயந்தரமே சிவப்புப் பேனாவால் மூன்று பெயரை வெட்டினேன். நெடுநாள் வராதவர் என்று ஓரத்தில் எழுதினேன். அதில் ஒன்று பேச்சியம்மாள், ஆறாம் வகுப்பு. வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொல்கிற பிள்ளை. கால் தரையில் பாவாத பிள்ளை, எப்போதும் எதையாவது தாண்டிக்கொண்டே வரும்.

ஒரு வாரம் கழித்துப் பாய் பள்ளிக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. மேஜையில் பதிவேடு திறந்து கிடந்தது.

"இது என்னா டீச்சர் செவப்புக் கோடு?"

"பேர வெட்டியிருக்கேன். ஆவணியிலருந்து வரல."

"வரலையா, மலைக்குப் போயிருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் பாய்."

"ஒண்ணு இல்ல டீச்சர். வரலன்னா வர மனசில்லன்னு அர்த்தம். மலைக்குப் போயிருக்குன்னா தை பொறந்தா எறங்கிரும்னு அர்த்தம். இந்தா, எது எந்தத் தோட்டம், என்னைக்கு ஏறுச்சு, எல்லாம் எழுதி வச்சுருக்கேன்."

"மலைக்குப் போயிருக்குன்னு எழுத ரிஜிஸ்டர்ல கட்டம் இல்ல."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க. ஒரு 'ம' போடுங்க. அதுக்குக் கூடவா எடமில்ல?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாவது படித்தவர் எனக்குப் பதிவேடு சொல்லித்தருகிறார் என்ற நினைப்பு. "ஜீப்பு ஓட்டுறது ஒங்க சோலி, ரிஜிஸ்டர் எஞ்சோலி. அவுகவுக சோலியப் பாப்போம்" என்றேன்.

"சரி டீச்சர்" என்று நோட்டை மடக்கிக்கொண்டு போனார். முகம் வாடியதா என்று நான் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் தகவல் வந்தது. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைக் கணக்கெடுக்கிறார்கள். வியாழக்கிழமை கல்வி அலுவலர் நேரில் வந்து தலை எண்ணுவார். இருபதைத் தொடாவிட்டால் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. அந்த ரோட்டில் லாரி ஓயாது. அதைத் தாண்டி அவ்வளவு தூரம் எந்தத் தாயும் பொம்பளைப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். பள்ளி சேர்ப்பு என்பது காகிதத்தில்தான். நிஜத்தில் பாதிப் பிள்ளைகள் படிப்பை விடும்.

என் பதிவேட்டில் மூன்றை வெட்டியது போக இருபத்தெட்டு. அன்றாடம் வந்தது பதினான்கு.

பதற்றத்தில் மூளை எப்படி வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சரியான வழி முதலில் தோன்றாது. முதலில் தோன்றுவது திருட்டு வழிதான். வேறு ஊரில் வேலை பார்த்த என் தோழியிடம் ஒரு நாளைக்குப் பத்துப் பிள்ளைகளைக் கடன் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். கொண்டுவர வண்டி வேண்டும். வெட்கத்தை விட்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.

"பாய், வியாழக்கிழமை ஒரு டிரிப்பு. வேற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பத்து. காலையில கொண்டாந்து எறக்கிட்டு, மத்தியானம் திரும்ப விட்டுறணும்."

"எஞ்ஜீப்புல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எடமில்லயே டீச்சர்."

"வெளையாடாதீங்க பாய். பள்ளிக்கூடமே போயிரும்."

"போயிரும்னுதான் நானும் சொல்றேன். ஆபீசரு ஒரு பிள்ளையக் கூப்புட்டு 'ஒங்க பள்ளிக்கூடத்துல கக்கூஸ் எங்கிட்டு இருக்கு'ன்னு கேட்டா அது திருதிருன்னு முழிக்கும். அம்புட்டுத்தான், சோலி முடிஞ்சுச்சு."

"அப்ப நான் என்ன செய்ய?"

"பிள்ளைகளக் கொண்டாந்து ஆபீசருக்குக் காட்டணும்னு நெனைக்கிறீக. ஆபீசரக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்."

எனக்குப் புரியவில்லை. அவர் நோட்டைத் தட்டினார். அப்போதுதான் புரிந்தது.

வியாழக்கிழமை அலுவலர் வந்தார். கையில் குடை, அதிகம் பேசாத மனிதர். தலை எண்ணினார். பதினான்கு. பதிவேட்டை மூடினார். "மற்றவர்கள்?" என்றார்.

"மலையில சார்" என்று வாசலிலிருந்து பதில் வந்தது. பாய் ஜீப்பை உறும விட்டபடி நின்றிருந்தார். "வெரசா ஏறுங்க சார். பன்னெண்டு மணிக் கஞ்சிக்குப் போயிட்டா ஒரு தோட்டத்துப் பிள்ளைக எல்லாரையும் ஒரே எடத்துல பாத்துறலாம்."

"அது கேரளா. அங்கே எனக்கு அதிகாரம் இல்லை."

"அதிகாரத்த மெட்டுச் செக்போஸ்ட்ல வச்சுட்டு வாங்க சார். கண்ண மட்டும் கொண்டாங்க."

இப்படியெல்லாம் ஒரு அலுவலரிடம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது. அவர் பாயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முன் சீட்டில் ஏறினார். நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். அது எப்படி என் மடியில் கனத்தது என்று சொல்ல முடியாது. மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று பாய்க்குத் தெரியும். யார் பெயரை வெட்டினேன் என்று எனக்குத் தெரியும். இந்த இரண்டையும் நான் அதுவரை சேர்த்து யோசிக்கவில்லை. வளைவுகளில் ஜீப்பு திரும்பத் திரும்பத்தான் அது எனக்கு உறைத்தது.

மெட்டைத் தாண்டியதும் சாரல். தோட்டத்துக்குள் ஜீப்பு நுழைந்ததும் மலையாள மேஸ்திரி, பிள்ளைகளைப் பிடித்துப்போக வந்துவிட்டோமோ என்று பதறி ஓடி வந்தார். "எந்தா பாயி, பிள்ளேரெப் பிடிக்கான் வந்ததாணோ?"

"பிடிக்க இல்ல சாரே, எண்ண" என்றார் பாய். "அஞ்சு நிமிஷம் மதி, அம்புட்டுப் போதும்."

லயத்துக்கு முன்னால் ஆட்கள் கஞ்சிக்கு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தாங்களாகவே வரிசையில் நின்று கையைக் கட்டினார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஒரு பிள்ளையின் கணுக்காலில் அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது, அது கவனிக்கவில்லை.

ஜீப்பு பானெட் மேல் பதிவேட்டை வைத்தேன். மை கரையாமல் இருக்க அலுவலர் தன் குடையை அதன் மேல் பிடித்தார். அவர் தலை நனைந்தது. பெயரைப் படித்தேன்.

"உள்ளேன் டீச்சர்."

மூன்று மாதம் பள்ளிப் பக்கமே வராத பிள்ளைகள். காலை வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார்கள். ஐந்து பெயர், ஐந்து குரல். மீதிப் பேர் வேறு தோட்டங்களில். பதினான்கும் ஐந்தும் பத்தொன்பது. பதிவேட்டை மூடினேன்.

வரிசைக் கடைசியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சி நின்றிருந்தாள். நான் மூடியதைப் பார்த்துவிட்டு, "எம்பேர விட்டுட்டீங்க டீச்சர்" என்றாள். குறை சொல்கிற தொனியே இல்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"பக்கம் ஈரத்துல ஒட்டிக்கிருச்சு" என்றேன்.

இவ்வளவு சின்னப் பொய் இவ்வளவு லேசாக எப்படி வாயில் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அலுவலர் ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கப் பதிவேட்டை வாங்கக் கை நீட்டினார். அந்த நேரத்தில் பாய் என்னைப் பார்த்து, "டீச்சர்" என்றார். அவ்வளவுதான். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கீழே விழப் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு.

"பக்கம் ஒட்டலை சார்" என்றேன். "இவள் பெயரை நான் வெட்டிவிட்டேன்."

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"யாரிடமாவது விசாரித்தீர்களா?"

"இவர் தானாகவே வந்து சொன்னார். நான் கேட்கவில்லை."

அலுவலர் பேனாவைத் திறந்தார். எனக்கு மெமோ உறுதி என்று தெரிந்துவிட்டது. அது வலிக்கவில்லை. வலித்தது வேறு. கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பேச்சியின் தாய் எழுந்து வந்தாள்.

"வெட்டிட்டீகளா?" என்றாள். "எம்பிள்ள பேரயா? ரேஷன் கார்டுல செத்தவுக பேரத்தான டீச்சர் வெட்டுவாக?"

எங்களுக்கு அது அலுவலகச் சொல். பெயர் நீக்கம், பெயர் சேர்ப்பு, தினமும் செய்வது. அவளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். அவள் புருஷன் பெயரை முந்தின வருஷம்தான் கார்டிலிருந்து வெட்டியிருந்தார்கள். அவள் மகளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பேச்சியின் சிரிப்பு போய்விட்டது.

"இப்பவே சேத்துறேன்மா" என்று அங்கேயே எழுதினேன். அலுவலர் தன் குறிப்பில், பெயர் தவறாக நீக்கப்பட்டது, மாணவி உள்ளார், மொத்தம் இருபது, மற்றவர்கள் பருவ வேலைக்கு இடம் பெயர்ந்துள்ளனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேர்மையான மனிதர். எனக்கு மெமோவும் கொடுத்தார். அதையும் நேர்மை என்றுதான் சொல்வேன்.

கீழே இறங்கினோம். அலுவலரை விட்டுவிட்டு வந்தபின் பாய் சொன்னார்: "பள்ளிக்கூடம் தப்பிச்சுருச்சு டீச்சர்."

"பேச்சி?"

"அதுக்குத்தான் இனிமே சோலி."

தை பிறந்தது. அந்த ஐந்து பிள்ளைகளும் இறங்கினார்கள். பேச்சி வரவில்லை. "ஒருக்கா வெட்டுனது வெட்டுனதுதான். மறுபடி அந்த வாசல்ல எம்பிள்ளைய ஏத்த மாட்டேன்" என்று தாய் சொல்லிவிட்டாள். பாய் வாராவாரம் அந்த லயத்துக்குப் போய்ப் பேசினார். நானும் இரண்டு முறை போனேன். என்னைப் பார்த்தாலே கதவைச் சாத்தினாள். ஆனியில் எப்படியோ பாய் பேச்சியைக் கூட்டிவந்து விட்டார். இரண்டு நாள் இருந்தாள். விஷயம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. "செத்த பேச்சி, செத்த பேச்சி" என்று விளையாட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

பள்ளியைக் காப்பாற்றினேன் என்று எனக்குப் பணி நிறைவு விழாவில் பேசினார்கள். நீங்களும் இருந்தீர்கள், கை தட்டினீர்கள். காப்பாற்றியது யார், அதற்கு விலையாகப் போனது யார் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

மலையிலிருந்து இறங்கிய அன்றே வெட்டிய மற்ற இரண்டு பெயரையும் சேர்த்தேன்; அன்றிலிருந்து ஓரத்தில் 'ம' போட்டேன். வீட்டுக்குப் போய்ப் பார்க்காமல் ஒரு பெயரையும் தொடவில்லை. பாய் ஒவ்வொரு ஐப்பசியிலும் நோட்டைக் கொண்டுவருவார், நான் பார்த்து எழுதிக்கொள்வேன். எல்லா வருஷமும் முதல் பெயர் பேச்சியம்மாள். அவளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகும் அதுதான் முதல் பெயர்.

"இது இன்னும் எதுக்கு பாய்?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருக்கட்டும் டீச்சர். வெட்டுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

அவர் என்னைத் திட்டியதென்றால் அது ஒன்றுதான். திட்டு என்று அவர் நினைத்துச் சொன்னாரா என்பதும் தெரியாது.

போன மாசியில் போய்விட்டார். கடைசி வாரம் வரைக்கும் ஜீப்பு ஓட்டினார். நான் போனபோது வீட்டு வாசலில் ஸ்டாண்டு முழுக்க உட்கார்ந்திருந்தது. அன்று சிரித்தானே, அந்தப் பக்கத்து ஜீப்புக்காரன், அவனுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. சுவரோரம் குந்தியிருந்தவன் என்னைப் பார்த்ததும், "மந்திரி பதவி காலியாயிருச்சு டீச்சர்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

இந்த ஆவணியில் நான் ஸ்டாண்டுக்குப் போனேன். முழங்கால் வலி, அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுபோனேன். ஜீப்பு ஜீப்பாக எட்டிப் பார்த்து, பிள்ளை இருந்தால் சண்டை பிடிப்பது. எனக்குப் பாயின் நயம் கிடையாது. நான் கத்துவேன்.

"ஏப்பா, மந்திரியம்மா வந்துட்டாகடோய்! வண்டிய எடு, வண்டிய எடு!"

சிரித்தார்கள். ஆனால் நாலு நாளில் இரண்டு ஜீப்பு பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்தியது. அதில் ஒன்று தலை நரைத்தவனுடையது.

பத்தாம் நாளோ என்னவோ. ஒரு ஜீப்பில் பின் சீட்டில் ஒரு சிறுமி, மடியில் பள்ளிப் பையோடு. மலைக்குப் போகிற பிள்ளை எதற்குப் பள்ளிப் பையைக் கொண்டுபோகிறது என்று நினைத்தபடியே கையைப் பிடித்தேன். "எறங்குத்தா" என்றேன்.

பக்கத்தில் இருந்த பெண் என் கையைத் தட்டிவிட்டாள். "நீங்க சொல்லாதீங்க டீச்சர்."

பேச்சி. முகம் முற்றியிருந்தது, கண் அதே கண்.

"எம்பேர வெட்டுன கைதான இது?" என்றாள். "இன்னைக்கு எம்மவளப் புடிச்சு எறக்குதாக்கும்?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. அதற்கு இது நேரமில்லை என்றும் தோன்றியது. மன்னிப்புக் கேட்டால் எனக்கு லேசாகும், ஜீப்பு கிளம்பிவிடும்.

"ஆமா. அதே கைதான்" என்றேன். "எறக்கு."

"எறக்கிட்டு? நாங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மேல. பாய் இருந்தாரு, அவரு வீட்டுல விட்டுட்டுப் போனேன். மூணு வருசமா சீசனுக்கு அங்கதான் இருந்தா. இப்ப பாயம்மாவும் மக வீட்டுக்குப் போயிட்டாக. யாரு பாப்பா?"

இது எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் அவர் வீட்டில் பேச்சியின் மகள் இருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சி வேண்டாம் என்று சொல்லியிருப்பாள்.

"நான் பாக்குறேன்" என்றேன்.

டிரைவர் ஆரன் அடித்தான். தலை நரைத்தவன் அங்கிருந்தே, "இருடா, எருமை" என்று அவனை அதட்டினான்.

"எறங்குடி" என்றாள் பேச்சி மகளிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தெனமும் சாயந்தரம் போன் போடுவேன்" என்றாள். ஜீப்பு போய்விட்டது.

அந்தப் பிள்ளை யாழினி, உங்கள் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறாள். தை வரைக்கும் என் வீட்டில்தான். போன வெள்ளிக்கிழமை கால் மணி நேரம் பிந்தி வந்தாள். தப்பு என்னுடையது, அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது. அதற்குள் நீங்கள் கைப்பேசி வருகைப்பதிவில் அவள் பெயருக்கு நேரே, வரவில்லை என்று சிவப்பைத் தட்டிவிட்டீர்கள். இப்போதெல்லாம் பேனாகூடத் தேவையில்லை. என் வீடு பள்ளிக்கு இரண்டாவது தெரு. ஒருவரும் வந்து கேட்கவில்லை. உங்கள் மேல் கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைவிட நீங்கள் மோசம் என்றும் சொல்ல மாட்டேன். நானும் இப்படித்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து தொடங்கினேன்.

பேச்சி தினமும் சாயந்தரம் மேலேயிருந்து போன் போடுகிறாள். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று பேசுவாளாம். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்பதில்லை. அதெல்லாம் மகளிடம் கேட்டுக்கொள்வாள். என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"டீச்சர், பேரு இருக்கா?"

"இருக்குத்தா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கும் கேட்பாள். நான் பார்த்துச் சொல்வதற்குப் பதிவேடு இப்போது என்னிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.